தூவிய சோளமும் தொலைந்த அறமும்



நன்னெறிக் கல்வியில் 'நேர்மை' என்னும் தலைப்பு வரும்போதெல்லாம், கண்டெடுத்த பணப்பையை உரியவரிடம் ஒப்படைத்த சிறுவனின் கதையையே நாம் சொல்லி வருகிறோம். நல்ல கதைதான். ஆயினும், யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் விதியை ஏன் மதிக்க வேண்டும் என்னும் வினாவுக்கு அக்கதை முழு விடை தருவதில்லை. அவ்வினாவை ஆராய்வதற்கு அமெரிக்கக் காடுகளில் நடைபெறும் ஒரு குற்றம் மிகவும் ஏற்றதாக எனக்குத் தோன்றுகிறது. காட்டு வான்கோழியைத் தீனி தூவி வரவழைத்துச் சுடும் குற்றமே அது.

அழிவிலிருந்து மீண்ட பறவை

மயிலைப் பார்த்து ஆடிய பறவை என்று வான்கோழியை நாம் ஏளனம் செய்து பழகிவிட்டோம். நமக்குத் தெரிந்தது பண்ணையில் கொழுத்த வான்கோழி. வட அமெரிக்கக் காட்டில் வாழும் வான்கோழியோ விரைந்து ஓடும், பறக்கும், இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் உறங்கும். அதன் பார்வை மிகவும் கூர்மையானது. சிறு அசைவைக் கண்டாலும் மறைந்துவிடும்.

அளவற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இப்பறவை ஏறத்தாழ அற்றுப்போகும் நிலைக்கு வந்தது. அது முன்பு வாழ்ந்த 39 மாநிலங்களுள் 18 மாநிலங்களில் 1920ஆம் ஆண்டுக்குள் ஒன்றுகூட எஞ்சவில்லை. பின்னர் 1937ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிட்மன்-ராபர்ட்சன் சட்டம், துப்பாக்கிகள், தோட்டாக்கள் ஆகியவற்றின் மீதான வரியை வனவிலங்குப் பாதுகாப்புக்கென ஒதுக்கியது. அவற்றை வாங்கும் வேட்டைக்காரர்களின் பணமே காட்டுயிர்களைக் காக்கப் பயன்பட்டது.

பண்ணையில் வளர்த்த குஞ்சுகளைக் காட்டில் விட்டுப் பார்த்தார்கள். அவை பிழைக்கவில்லை. 1951ஆம் ஆண்டில் தென் கரோலினாவில், வெடிவிசையால் பறந்து சென்று பறவைகள்மீது விழும் பெரிய வலையைக் கொண்டு காட்டு வான்கோழிகளை உயிருடன் பிடித்தார்கள். இம்முறையில் பிடித்த பறவைகள் பல மாநிலங்களில் குடியேற்றப்பட்டன. இன்று அலாஸ்கா நீங்கலாக 49 மாநிலங்களிலும் ஏறத்தாழ 60 இலட்சம் காட்டு வான்கோழிகள் வாழ்கின்றன.

வேட்டையும் அதன் விதியும்

வேட்டைக்குரிய முதன்மையான பருவம் வசந்தகாலம். அப்பருவத்தில் பெரும்பாலான மாநிலங்களில் சேவலை மட்டுமே சுடலாம். சேவல் உரக்கக் குரல் கொடுக்கும்; பேடு அதனைத் தேடி வரும். இது இயற்கையின் முறை. வேட்டைக்காரரோ மரத்தடியில் அசையாமல் அமர்ந்து, சிறு மரப்பெட்டியை உரசியோ வாயில் வைத்த கருவியாலோ பேட்டின் குரலை எழுப்பிச் சேவலைத் தம்மிடம் வரவழைக்க முயல்கிறார். சேவலுக்கு ஐயம் எழுந்தால் அது வாராது. பல நாள் வெறுங்கையுடன் திரும்புவதே இவ்வேட்டையின் இயல்பு.

இந்தப் பொறுமை இல்லாதவர் குறுக்கு வழியை நாடுகிறார். பருவம் தொடங்குவதற்கு முன்பே மக்காச்சோளத்தைக் குறிப்பிட்ட இடத்தில் தூவி வருகிறார். பறவைகள் அங்கே வந்து பழகிவிடுகின்றன. பிறகு அவர் செய்ய வேண்டியது துப்பாக்கியுடன் காத்திருப்பது மட்டுமே.

பெரும்பாலான மாநிலங்களில் இது குற்றம். பென்சில்வேனியாவின் விதி நம் சிந்தனைக்குரியது. தூவிய தீனியையும் அதன் எச்சத்தையும் முழுவதும் அகற்றிய பின்னரும் 30 நாள்களுக்கு அவ்விடத்தில் வேட்டையாடக் கூடாது. தானியம் போனாலும் பறவையின் பழக்கம் போகாதன்றோ? மேலும், அவ்விடத்தில் தீனி இடப்பட்டதா என்பதை விசாரித்து அறிவது வேட்டைக்காரரின் பொறுப்பு. 1900ஆம் ஆண்டின் லேசி சட்டத்தின்படி, இவ்வாறு முறைகேடாகச் சுட்ட பறவையை மாநில எல்லை கடந்து கொண்டு சென்றால் அது நடுவணரசுக் குற்றமாகவும் ஆகிறது.

தீனியால் வரும் கேடு சுடப்படும் ஒரு பறவையோடு நிற்பதில்லை. ஒரே இடத்தில் கூட்டம் கூடுவதால் நோய் எளிதில் பரவும். முட்டைகளைத் தின்னும் ராக்கூன் போன்ற விலங்குகளும் அங்கே வந்து சேரும். நனைந்த தானியத்தில் பூஞ்சை பிடித்தால் அஃது உயிருக்கே உலை வைக்கும். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்துப் பண்ணைகளில் ஓர் இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டபோதுதான், நிலக்கடலைப் பிண்ணாக்கில் வளர்ந்த பூஞ்சையின் 'அஃப்லாடாக்சின்' என்னும் நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. மக்காச்சோளத்திலும் அதே நஞ்சு உண்டாகும்.

மூன்று மறுப்புகள்

முதலாவது, கொல்வதே தவறு. அதில் நேர்மையான கொலை, நேர்மையற்ற கொலை என்று வேறுபாடு உண்டா எனப் புலால் மறுத்தோர் கேட்கக்கூடும். மதிக்கத்தக்க கேள்வி. ஆனால், வேட்டையை ஏற்றுக்கொண்ட ஒரு சமுதாயம் தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொள்வதை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. எல்லையற்ற வேட்டையின் விளைவை 1920இலேயே அவர்கள் கண்டுவிட்டார்கள்.

இரண்டாவது, பேட்டின் குரலில் அழைப்பதும் ஏமாற்றுதானே என்பது. ஆம், ஏமாற்றுதான். ஆயினும், அந்த அழைப்பை நம்பாமல் விலகிச் செல்லச் சேவலுக்கு வழி இருக்கிறது; அதன் கூரிய அறிவுக்கு இடம் இருக்கிறது. தீனியோ பசியைப் பற்றி இழுக்கிறது. சேவலை மட்டுமின்றிப் பேடுகளையும் குஞ்சுகளையும் சேர்த்தே இழுக்கிறது. உணவு கிடைக்கும் இடம் பாதுகாப்பானது என்னும் நம்பிக்கையை நாள்தோறும் வளர்த்து, அந்த நம்பிக்கையின்மீதே குறி வைக்கிறது.

மூன்றாவது, டெக்சஸ் மாநிலத்தின் பல மாவட்டங்களில் இதற்கு அனுமதி இருக்கும்போது பிற இடங்களில் ஏன் குற்றம் என்பது. டெக்சஸிலேயே, மீட்டெடுக்கப்பட்டு வரும் கிழக்கத்திய வான்கோழி வாழும் கிழக்கு மாவட்டங்களில் அந்த அனுமதி இல்லை. விதி இடத்திற்கேற்ப மாறுவதால் அது பொருளற்றது ஆகிவிடாது. அந்தந்த இடத்தின் தேவையை உணர்ந்தே விதி அமைகிறது. தென்கிழக்கு மாநிலங்கள் பலவற்றில் வான்கோழிகள் மீண்டும் குறைந்து வருகின்றன. ஜார்ஜியா மாநிலம் 2022ஆம் ஆண்டில், ஒருவர் ஒரு பருவத்தில் சுடக்கூடிய எண்ணிக்கையை 3இலிருந்து 2ஆகக் குறைத்தது. பிறர் அந்த அளவை மதித்து வீடு திரும்பும்போது ஒருவர் மட்டும் தீனி தூவிச் சுடுவாராயின், அவர் திருடுவது பறவையை மட்டுமன்று. விதியை மதித்த அத்தனை பேரின் விட்டுக்கொடுத்தலையும்தான்.

குற்றம் சோளத்தில் இல்லை

இங்கே ஓர் உண்மையைக் கூர்ந்து நோக்க வேண்டும். 1951இல் வலை வீசிப் பிடித்தவர்களும் தானியத்தைத் தூவித்தான் பறவைகளை வரவழைத்தார்கள். அதே சோளம், அதே காடு, அதே பசி. ஒருவர் இனத்தைக் காக்கத் தூவினார். மற்றவர் உழைப்பைத் தவிர்க்கத் தூவுகிறார். ஆகவே, "சோளம் தூவாதே" என்று விதியை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு இவ்வேறுபாடு விளங்காது. விதியின் காரணத்தை உணர்ந்தவருக்கே விளங்கும். காவல் அதிகாரி கண்ணுக்கெட்டிய தொலைவில் இல்லாத அடர்காட்டில் அவரைத் தடுக்கக்கூடியதும் அந்த உணர்வு ஒன்றே.

நம் பள்ளிகளில் நாம் விதிகளைக் கற்பிக்கிறோம். காரணங்களைக் கற்பிக்கிறோமா? கதை எழுதும் போட்டிக்குப் பெற்றோரே எழுதிக் கொடுத்த கதை பிள்ளையின் பெயரில் வருகிறது. விடுமுறையில் செய்ய வேண்டிய கைவினைப் பொருள் கடையில் வாங்கிய மெருகுடன் வகுப்புக்கு வருகிறது. நாமும் அதற்குப் பரிசளித்துப் படம் எடுத்துக்கொள்கிறோம். கையில் பறவை இருக்கிறது. எப்படி வந்தது என்று எவரும் கேட்பதில்லை. அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது கதை எழுதும் கலையை அன்று. பரிசு கிடைத்தால் வழி எதுவாயினும் சரி என்பதைத்தான்.

வெறுங்கையுடன் திரும்பும் பிள்ளையைப் பாராட்டவும் நாம் பழக வேண்டும். தன் சொந்த முயற்சியில் எழுதிப் பரிசு பெறாத மாணவனை அழைத்து, "இது நீயே எழுதியது, இந்தப் பத்தி நன்றாக வந்திருக்கிறது" என்று வகுப்பறியச் சொல்லுங்கள். பெற்றோர்களே, அடுத்த முறை பள்ளியிலிருந்து ஒரு பணி வீட்டுக்கு வரும்போது, கோணலாக ஒட்டிய தாளைக் கோணலாகவே விட்டு அனுப்புங்கள்.