காட்டுப் பாதையில் யார் ஓடலாம், யார் நடக்கக் கூடாது?

நார்வேயை மேற்கோள் காட்டுவது இந்தியப் பெருநகர ஓட்டக்காரர்களிடையே வழக்கமாகிவிட்டது. அங்கே மலையும் காடும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. பல இயற்கைக் காப்பகங்களின் ஊடேகூட ஒருவர் ஓடலாம். ஆகவே இந்தியக் காடுகளையும் ‘டிரெயில் ரன்னிங்’ எனப்படும் காட்டுப்பாதை ஓட்டத்துக்குத் திறந்துவிட வேண்டும் என்பது அவர்களது வாதம். விடுதலைக் குரல்போல ஒலிக்கும் இவ்வாதத்தைக் கர்நாடகத்தின் ஹனூர் மலைகளில் வைத்துப் பார்த்தால், அது ஒரு வர்க்கத்தின் சலுகைக் கோரிக்கையாகச் சுருங்கிவிடுகிறது.

முதலில் நார்வேயைச் சரியாகப் படிக்க வேண்டும். 1957ஆம் ஆண்டின் திறந்தவெளி வாழ்வுச் சட்டம், சாகுபடி செய்யப்படாத நிலத்தில் எவரும் கால்நடையாகச் செல்லும் உரிமையை உறுதிசெய்கிறது. அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு, குறிப்பிடத்தக்க சேதமோ தொல்லையோ விளைவிக்கக்கூடிய விளையாட்டுப் போட்டிகளை நிலத்தின் உரிமையாளர் அல்லது பயன்பாட்டாளரின் இசைவின்றி நடத்தக் கூடாது என்கிறது. தனி மனிதரின் நடை வேறு, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயம் வேறு. மேற்கோள் காட்டுவோர் முதற்பாதியை எடுத்துக்கொண்டு, ‘பயன்பாட்டாளரின் இசைவு’ என்ற பிற்பாதியை விட்டுவிடுகிறார்கள். ஹனூரில் தீர்க்கப்பட வேண்டிய கேள்வியோ அந்தப் பிற்பாதியில்தான் இருக்கிறது.

ஹனூர் இன்று சாமராஜநகர் மாவட்டத்தில் உள்ளது. 1997 வரை மைசூர் மாவட்டத்தில் இருந்தது. அதற்கும் முன்பு, 1956இன் மொழிவழி மாநிலச் சீரமைப்பு வரை, இப்பகுதியை உள்ளடக்கிய கொள்ளேகால் வட்டம் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்குள்ள பாதைகள் ஆட்சி எல்லைகளைவிட மூத்தவை. சிவராத்திரிக்கும் உகாதிக்கும் மாதேஸ்வரன் மலைக்கு நடந்து செல்லும் பக்தர்கள், மாடு மேய்ப்போர், தேனும் நெல்லியும் சேகரிக்கும் சோளகர் ஆகியோரின் கால்கள் இட்டவை அவை. ஓட்டக்காரர் இன்று ‘கன்னி நிலம்’ என்று படம் எடுக்கும் ஒற்றையடிப் பாதை, பல தலைமுறைகளின் உழைப்புத் தடம்.

இந்தத் தடங்களின் மேல் சட்டம் வந்து படிந்தது. 1987இல் காவிரி வனவிலங்குச் சரணாலயமும், 2013இல் ஏறத்தாழ 906 சதுர கிலோமீட்டர் பரப்பில் மாதேஸ்வரன் மலை வனவிலங்குச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவு சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. எவ்வெவ் நோக்கங்களுக்கு அனுமதி தரலாம் என்பதை 28ஆம் பிரிவு வரிசைப்படுத்துகிறது: ஆய்வு, புகைப்படம், சுற்றுலா, உள்ளே வசிப்போருடன் சட்டபூர்வத் தொழில். சுற்றுலாப் பயணிக்கு அந்தப் பட்டியலில் தனி இடம் உண்டு. விறகுக்கும் தேனுக்கும் செல்பவர் தம் உரிமையைத் தனியே நிறுவிக்கொள்ள வேண்டும். அதுவரை அவர் அத்துமீறி நுழைந்தவரே.

இப்பகுதியில் காட்டில் நடந்ததற்காக மக்கள் கொடுத்த விலை வேறெங்கும் கேட்டறியாதது. வீரப்பன் தேடுதல் வேட்டைக் காலத்தில், காட்டுக்குள் போய்வந்ததே குற்றத்துக்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. மாதேஸ்வரன் மலையில் இயங்கிய அதிரடிப்படை முகாமின் சித்திரவதைகள் நீதிபதி சதாசிவா குழுவின் முன் சாட்சியங்களாகப் பதிவாயின. 2007இல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2.80 கோடி ரூபாய் இடைக்கால நிவாரணம் வழங்கப் பரிந்துரைத்தது. ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’ நாவலைப் படித்த தமிழ் வாசகருக்கு இது புதிய செய்தியன்று. இன்று, வீரப்பனின் பிறந்த ஊரான கோபிநத்தத்தில் அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நிறுவனம் அமைத்த முகாமின் பெயர் ‘மிஸ்டரி டிரெயில்ஸ்’. ஒரு மக்களின் அச்சம் மற்றொரு மக்களின் வார இறுதி மர்மமாகிவிட்டது.

காட்டில் வாழ்வோரே காட்டைக் கெடுக்கிறார்கள் என்ற பழைய வாதம் அண்டை மலையிலேயே தோற்றுப்போனது. பிலிகிரி ரங்கசாமி மலை 1974இல் சரணாலயமானது. சோளகரின் குடியிருப்புகள் இடம் மாற்றப்பட்டன. அவர்கள் தரைச் சருகுக்கு இட்டுவந்த சிறு நெருப்பு தடுக்கப்பட்டது. அதன் பின் உண்ணிச்செடி காட்டை மூடியதைச் சோளகரும் ஆய்வாளர்களும் தொடர்ந்து சுட்டிக்காட்டிவருகிறார்கள். அம்மலை புலிகள் காப்பகமான அதே 2011இல், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்படி சோளகரின் சமூக உரிமைகளும் அங்கே ஏற்கப்பட்டன. புலியும் சோளகரும் ஒரே காட்டில் வாழ முடியாது என்போர் இந்த ஆண்டை நினைவில் கொள்ள வேண்டும்.

2025 ஜூனில் ஹூக்யம் சரகத்தில் ஒரு தாய்ப்புலியும் நான்கு குட்டிகளும் நஞ்சுக்கு இரையாயின. அது கொடுங்குற்றம்; குற்றவாளிகள் தண்டிக்கப்பட வேண்டும். ஆனால் அடுத்த மாதமே, காடுகளில் கால்நடை மேய்ச்சலைத் தடுக்குமாறு வனத்துறை அமைச்சர் அதிகாரிகளைப் பணித்தார். சிலரின் குற்றத்துக்கு எல்லா மேய்ப்பரும் பொறுப்பாக்கப்பட்டனர். ஒரு சுற்றுலாப் பயணி பிடிபட்டால் எல்லாச் சுற்றுலாவும் நிறுத்தப்படுமா?

‘ஓடுகிறவன் எதையும் எடுத்துச் செல்வதில்லை’ என்பார்கள். தனியொருவர் ஓடுவதற்கு இது பொருந்தலாம். நூற்றுக்கணக்கானோர் நெற்றி விளக்கோடு, யானையும் கரடியும் நடமாடும் விடியற்பொழுதில், தண்ணீர் வழங்கும் நிலையங்களும் வண்டிகளும் சூழ ஓடுவது வேறு. ‘உள்ளூர் மக்களுக்கு வேலை கிடைக்கும்’ என்பார்கள். வழிகாட்டிக் கூலி வருமானம்தான், அதிகாரமாகாது. தன் பாதையில் பிறரை அழைத்துச் செல்லக் கூலி பெறுபவர், அதே பாதையில் தன் மாட்டோடு செல்ல அஞ்சும் ஏற்பாட்டை வளர்ச்சி என்று அழைக்க முடியாது.

இதற்கு எல்லாக் கால்களையும் தடுப்பது விடையாகாது. முடிவெடுக்கும் உரிமை இடம் மாற வேண்டும். வன உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, காட்டையும் காட்டுயிரையும் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. ஹனூர் மலைகளில் நிலுவையிலுள்ள சமூக உரிமைக் கோரிக்கைகள் முதலில் முடிக்கப்படட்டும். பிறகு, எந்தப் பாதையில், எந்தப் பருவத்தில், எத்தனை பேர் ஓடலாம் என்பதை அந்தச் சபைகள் சொல்லட்டும். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையும் அவற்றுக்கு உண்டு. நார்வேயிடமிருந்து எதையேனும் கடன் வாங்குவதானால், பயன்பாட்டாளரின் இசைவைக் கேட்கும் அந்த ஒரு பிரிவை வாங்கினால் போதும்.