குளிர்காலமும் கோழிக்கூடும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் நெசவாளர் இல்லங்களில் வேலை குன்றுவது நாம் யாவரும் அறிந்ததே. தெருவில் பாவு விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவதற்கு வெயில் வேண்டும். அடைமழையில் அது கூடுவதில்லை. தறிக்குழியில் ஈரம் ஊறுகிறது. கஞ்சி ஏறிய இழை நமுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கிறது. குடியானவர் நிலையும் ஏறக்குறைய இதுவே. சம்பா நெல் களம் கண்டு வீடு வந்து சேரத் தை பிறக்க வேண்டும். இந்த இடைக்காலத்தில் உப்பு, புளி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் போன்ற சில்லறைச் செலவுகளுக்குக் கை கொடுப்பவை கொல்லைப்புறத்தில் மேயும் எட்டுப் பத்துக் கோழிகளே.

ஆனால் அவற்றின் உதவி மிகுதியாகத் தேவைப்படும் இந்தத் திங்கள்களிலேதான் முட்டை குறைகிறது, குஞ்சுகள் மடிகின்றன, சில வீடுகளில் இரண்டு மூன்று நாட்களில் கூடே வெறுமையாகிவிடுகிறது. கேட்டால், "குளிர் தாங்கவில்லை" என்று ஒரே சொல்லில் விடை வருகிறது. இவ்விடை தவறானது என்பதும், இந்தத் தவற்றினாலேயே நாம் ஆண்டுதோறும் இழப்புக்கு ஆளாகிறோம் என்பதும் என் கருத்து. கோழியைக் கொல்வது பெரும்பாலும் குளிர் அன்று. ஈரமும், அடைபட்ட காற்றும், நோயுமே. இவற்றுள் முதல் இரண்டையும் ஒவ்வொரு வீட்டாரும் தாமே விலக்கிக் கொள்ளலாம். மூன்றாவதைத் தனி வீடு விலக்க இயலாது. சங்கம் முன்வர வேண்டும்.

கோழியின் உடற்சூடு சுமார் 41 பாகை செல்சியஸ். மனிதனுடையதை விட நான்கு பாகை கூடுதல். அச்சூட்டைக் காப்பதற்கென்றே இயற்கை அதற்கு இறகுப் போர்வை அளித்திருக்கிறது. இறகைச் சிலிர்த்து அதனிடையே காற்றைத் தேக்கிக்கொண்டு, ஒற்றைக் காலை வயிற்றோடு மடக்கிக்கொண்டு நிற்கும் கோழி நம்மினும் நன்றாகக் குளிரைத் தாங்கும். பனி உறையும் நீலகிரி மலையிலும் மக்கள் கோழி வளர்க்கிறார்கள். மார்கழி இரவில் 18, 20 பாகைக்கு இறங்கும் நம் சமவெளியில், வளர்ந்த கோழி குளிரால் மட்டும் மடிவதற்குக் காரணமில்லை. ஆனால் இறகு நனைந்துவிட்டாலோ அப்போர்வை பயனற்றுப் போகிறது. ஆகவே நாம் அஞ்ச வேண்டுவது குளிரைவிட ஈரத்தையே.

குளிருக்குப் பயந்து நாம் செய்வது என்ன? கூட்டின் நாற்புறமும் சாக்கைத் தொங்கவிட்டு, இடுக்குகளைத் துணியால் அடைத்து, கோழிகளை உள்ளே திணித்துக் கதவைச் சாத்துகிறோம். உள்ளே மூச்சுக்காற்றின் ஈரமும் எச்சத்தின் ஈரமும் வெளியேற வழியின்றித் தங்குகின்றன. எச்சத்திலிருந்து அம்மோனியா என்னும் காரமான ஆவி கிளம்புகிறது. காலையில் கதவைத் திறந்ததும் நம் கண் கரிக்குமாயின், இரவு முழுவதும் அதையே சுவாசித்த கோழியின் கண்ணும் தொண்டையும் என்ன பாடு பட்டிருக்கும்! சளியும் இரைப்பும் காணும்போது குளிரைப் பழிக்கிறோம். உண்மையில் அந்நோய்க்கு இடம் தந்தது நாம் தொங்கவிட்ட சாக்கு.

கூடு அமைக்கும் முறை கடினமானதன்று. கோழி அமரும் உயரத்தில் காற்று நேராக வீசலாகாது; அதற்கு மேலே, கூரையை ஒட்டி, ஈரக்காற்று வெளியேறத் திறப்பு இருக்க வேண்டும். வாடைக்காற்று வரும் வடக்கு, கிழக்குப் பக்கங்களில் மட்டும் தட்டி கட்டினால் போதும். மழைச் சாரலுக்குத் தொங்கவிட்ட சாக்கைப் பகலில் எடுத்து உலர்த்தாவிடில் அதுவே ஈரத்தின் இருப்பிடமாகும். தரையிலிருந்து ஓரிரு அடி உயரத்தில் கோழிகள் ஏறி அமர மரக்கழி ஒன்று வேண்டும். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடமாவது தேவை. கம்பி வலையின் கண்ணும் கதவின் தாழும் கீரிக்கும் காட்டுப்பூனைக்கும் இடங்கொடாதிருக்க வேண்டும்.

தரையில் நெல் உமியையோ நிலக்கடலைத் தோலையோ நான்கு விரற்கடை கனத்துக்குப் பரப்பி, வாரம் இருமுறை கிளறிவிடுதல் நலம். ஒரு கைப்பிடி எடுத்துப் பிசைந்து பாருங்கள். உதிர்ந்தால் நன்று, உருண்டையாகப் பிடிபட்டால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். அவ்விடத்தை அள்ளி எருக்குழியில் இட்டு, புதிய உமி பரப்ப வேண்டும். ஈர உமியில் வளரும் குஞ்சுகளுக்கே இரத்தக் கழிச்சல் எளிதில் பற்றுகிறது.

குஞ்சுகளின் நிலைமை வேறு. அவற்றுக்கு இறகு முளைக்கும் வரை குளிர் மெய்யாகவே பகை. தாய்க்கோழியோடு இருக்கும் குஞ்சுகளுக்கு அதன் சிறகே போதும். ஆனால் மார்கழியில் அடை வைப்போர், தாயின் சிறகு மூடக்கூடிய அளவுக்கு மேல், அதாவது பத்துப் பன்னிரண்டுக்கு மேல், முட்டை வைத்தலாகாது. பொறிப்பகத்திலிருந்து ஒருநாள் குஞ்சு வாங்கி வளர்ப்போர் முதல் வாரத்தில் சுமார் 35 பாகை வெப்பம் தந்து, வாரத்துக்கு மூன்று பாகை வீதம் குறைத்துவரல் வேண்டும். வெப்பமானி இல்லையே என்று வருந்த வேண்டாம், குஞ்சுகளே வெப்பமானி. விளக்கின் கீழ் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்தால் சூடு போதவில்லை; விளக்கை விட்டு விலகி ஓரத்தில் வாய் திறந்து நின்றால் சூடு மிகுதி; பரவலாக மேய்ந்தால் சரியான அளவு. மின்சாரம் நிற்கும் இரவுகளுக்கு மாற்று ஏற்பாடு முன்னரே வேண்டும். ஆனால் அடைத்த அறையில் கரியடுப்பு மூட்டி வைப்பது குஞ்சுக்கும், அங்கே படுத்துறங்கும் மனிதருக்கும் உயிர்க்கேடு என்பதை மறத்தலாகாது.

முட்டை குறைவதற்கும் குளிரொன்றே காரணமன்று. முட்டையிடும் உறுப்பு வெளிச்சத்தால் தூண்டப்படுவது. மார்கழியில் நம் நாட்டில் பகல் 11½ மணி அளவுக்குச் சுருங்குகிறது. நிறைய முட்டையிடும் இனங்களுக்கு 14 மணி நேர வெளிச்சமாவது வேண்டும். விடியுமுன் இரண்டு மூன்று மணி நேரம் சிறு விளக்கொன்று எரியவிட்டால் இக்குறை தீரும். நாட்டுக்கோழியோ ஈட்டுக்கு ஈடு இடைவெளி விட்டு, ஆண்டுக்கு 50, 60 முட்டை இடுவது. இறகு உதிர்க்கும் காலத்தில் அது ஓய்ந்திருப்பது இயல்பே. அதற்கு மருந்து தேடிப் பணம் செலவிட வேண்டியதில்லை. மாலையில் கூடடையுமுன் ஒரு பிடி சோளமோ கம்போ கொடுங்கள். தீனிப்பையில் தங்கிய தானியம் இரவெல்லாம் மெல்லச் செரித்து உடலுக்குச் சூடு தரும். காலையில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்தால் தயங்காமல் குடிக்கும். தண்ணீர் குறைந்தால் தீனியும் குறையும். தீனி குறைந்தால் முட்டையும் குறையும்.

இவை யாவும் செய்தும் ஒரே வாரத்தில் கூடு வெறுமையாகிறதென்றால், அது பெரும்பாலும் வெள்ளைக்கழிச்சல் என்று நாம் சொல்லும் நோயின் வேலை. 1926ஆம் ஆண்டில் ஜாவாத் தீவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் இது கண்டறியப்பட்டது. அதன்பின் சிறிது காலத்துக்குள் இமயமலைச் சாரலிலுள்ள இராணிக்கேத் என்னும் ஊரில் காணப்பட்டமையால் நம் நாட்டில் அவ்வூரின் பெயராலேயே வழங்குகிறது. பச்சையும் வெள்ளையுமாகக் கழிதல், வாய் திறந்து மூச்சு வாங்குதல், கழுத்து முறுக்கிக்கொள்ளுதல் ஆகியவை இதன் குறிகள். வந்த பின் தீர்க்கும் மருந்து கிடையாது. வருமுன் தடுக்கும் ஊசி மருந்து உண்டு, நெடுங்காலமாக உண்டு. குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு; எட்டாம் வாரத்தில் இறக்கையினடியில் ஊசி. இவ்வளவே.

இருந்தும் பல வீடுகளில் ஏன் போடுவதில்லை? சோம்பலே காரணம் என்று சிலர் கூறுவர். நான் அதை ஏற்கவில்லை. இம்மருந்து 100, 200 கோழிகளுக்குப் போதிய அளவாகவே சிறு புட்டியில் வருகிறது. பனிக்கட்டியில் வைத்துக் கொணர வேண்டும். கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். எஞ்சியதை மறுநாளுக்கு வைத்தல் இயலாது. எட்டுக் கோழி வைத்திருக்கும் ஒரு குடும்பத்தார் இதற்கு என்ன செய்வார்கள்? பெரும் பண்ணைக்காரருக்கு எளிதான காரியம் ஏழைக்கு அரிதாவது மருந்தின் விலையாலன்று, அளவினாலேயே. தனியொருவரால் ஆகாததைப் பலர் கூடி ஆக்குவதற்கென்றே கூட்டுறவு தோன்றியது. 25 வீடுகள் சேர்ந்தால் 200 கோழிகள்; ஒரு புட்டி; ஒரு காலைப்பொழுது. கணக்கு இவ்வளவு எளியது.

கால்நடை பராமரிப்புத் துறையினர் பெரும்பாலும் பிப்ரவரித் திங்களில் இந்நோய்க்குத் தடுப்பூசி முகாம் நடத்தி வருகின்றனர். அம்முகாமை நாம் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். ஆனால் அதற்குள் மார்கழி கடந்துவிடுகிறது. முகாமுக்குப் பின் பொறித்த குஞ்சுகள் காப்பின்றியே குளிர்காலத்தை அடைகின்றன. எனவே புரட்டாசியில் சங்கமே முறையாக ஒரு சுற்று நடத்துதல் வேண்டும். செயலாளர் அங்கத்தினர் வீட்டுக் கோழிகளைக் கணக்கெடுத்து, கால்நடை மருந்தகத்துக்கு முன்கூட்டி எழுதி, பனிக்கட்டிப் பெட்டியோடு மருந்தைத் தருவித்து, வீதி வீதியாக அதிகாலையில் போட்டு முடிக்கலாம். நோயில் வாடும் கோழிக்கு அவ்வூசி போடலாகாது. போட்ட பின்னும் காப்பு ஏற்படச் சில நாட்கள் ஆகும். ஆகவே நோய் ஊருக்குள் வருமுன் செய்வதே முறை.

"பெண்கள் பார்த்துக்கொள்ளும் சிறு விஷயத்துக்குச் சங்கம் ஏன்?" என்று நிர்வாகக் குழுவில் எவரேனும் வினவக்கூடும். பெண்கள் பார்த்துக்கொள்வதாலேயே இது சிறு விஷயம் ஆகிவிடாது. தறி நின்ற நாளில் அடுப்பெரியச் செய்யும் வருமானத்தைச் சிறிதென்று தள்ளுவது முறையன்று. இப்பணிக்குப் பெண் அங்கத்தினர்களையே பொறுப்பாக்கினால் செவ்வனே நடைபெறும். எந்த வீட்டில் எத்தனை கோழி என்பதை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?

இன்னொன்றும் கூற வேண்டும். கோழி ஒன்று வாடத் தொடங்கியதும் அவசரமாகச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றுவிடும் வழக்கம் நம்மிடையே இருக்கிறது. விற்றவருக்குச் சில ரூபாய் மிஞ்சுகிறது. வாங்கியவர் தெருவுக்கே நோய் போய்ச் சேருகிறது. செத்த கோழியை ஏரிக்கரையில் எறிவதும் அத்தகையதே. நாயும் காகமும் அதை ஊரெல்லாம் பரப்புகின்றன. ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு தூவிப் புதைப்பதும், சந்தையில் வாங்கிவந்த கோழியை இரண்டு வாரம் தனியே கட்டி வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு விடுவதும் நாம் அண்டை வீட்டாருக்குச் செய்யும் கடமை. ஒரு வீட்டின் ஊசி மற்றொரு வீட்டையும் காக்கிறது. ஒரு வீட்டின் அசட்டை தெருவையே அழிக்கிறது.

எனவே அங்கத்தினர்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன். கூட்டை உலர்வாக வைப்பது வீட்டின் பொறுப்பு. நோயைத் தடுப்பது சங்கத்தின் பொறுப்பு. இரண்டும் நிறைவேறினால், வரும் தையில் பொங்கல் வைக்கும்போது நம் கொல்லையில் கோழி கொக்கரிக்கும் ஒலியும் குறையாதிருக்கும்.