தேதி தெரிந்தும் தவறவிட்டோம்

குழந்தைப்பேறு சிகிச்சை மையங்களில் வேலை பார்க்கும் டாக்டர்கள், நர்ஸ்கள், கவுன்சிலர்கள் ஆகிய எங்களுக்கு ஒரு வசதி உண்டு. முட்டை எடுக்கும் நாள், கரு வைக்கும் நாள் எல்லாம் முன்கூட்டியே எங்கள் கையில் இருக்கின்றன. இருந்தும், சிகிச்சைக்கு வரும் பெண்ணின் உடம்பைத் தயார்படுத்துவதை மட்டும் கர்ப்பம் உறுதியான பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

சிசுவின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக் குழாய், கருத்தரித்து 28 நாளுக்குள் மூடிவிடுகிறது. ஐந்து நாள் கருவை வைத்து, பதினான்காம் நாள் ரத்தம் எடுத்து, ‘பாசிட்டிவ்’ என்று நாங்கள் சொல்லும்போதே 19 நாள் கழிந்திருக்கும். மிச்சம் ஒன்பதே நாள். அன்று ஃபோலிக் அமிலம் தொடங்கினால், உடம்பில் போதிய அளவு ஏறவே வாரக்கணக்காகும். நரம்புக் குழாய்க் குறையுள்ள கருவை முன்பு சுமந்த பெண்கள், கருத்தரிக்கும் முன்பே இதைச் சாப்பிட்டால் குறை மறுபடி வருவது 72 சதவீதம் குறையும் என்று 1991-லேயே பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு காட்டிவிட்டது. சாதாரணமாகத் தினம் 400 மைக்ரோகிராம் போதும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் வலிப்பு மருந்து சாப்பிடுபவர்களுக்கும் கூடுதல் அளவு வேண்டும். இதையெல்லாம் படித்துப் பாஸானவர்கள்தான் நாங்கள்.

ரத்தசோகை விஷயத்திலும் இதே கதைதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேல், 53 சதவீதத்தினருக்கு, ரத்தசோகை. நாங்கள் ஹீமோகுளோபின் பார்க்காமல் இல்லை. முட்டை எடுக்க மயக்க மருந்து தாங்குமா என்பதற்காகப் பார்த்தோம். மயக்க மருந்து டாக்டர் தலையசைத்ததும் அந்தத் தாளைக் கோப்பின் அடியில் செருகினோம். முதல் பஸ் பிடித்து, வெறும் வயிற்றோடு ஸ்கேனுக்கு வந்தவரிடம், “ஃபாலிக்கிள் 18 எம்.எம். வந்துடுச்சும்மா, ராத்திரி ஊசி” என்றோம். “காலையில என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்கவில்லை. நீர்க்கட்டிக்காக வருஷக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிட்டவருக்கு பி12 குறையலாம் என்று தெரிந்தும் பரிசோதிக்கவில்லை. “வெயிட்டைக் குறைங்க” என்று சொன்னோம். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சிய சோற்றைச் சாப்பிடுபவர் எதை எப்படிக் குறைப்பார் என்று யோசிக்கவில்லை.

ஆனால், விலை கூடிய சாஷேக்களையும் ஆன்டிஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல்களையும் தாராளமாக எழுதினோம். ஆண்களுக்குத் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் கொடுத்தால் குழந்தைப் பிறப்பு கூடுகிறதா என்று 2,370 தம்பதியரிடம் அமெரிக்காவில் சோதித்து, கூடவில்லை என்று 2020-ல் வெளியிட்டார்கள். அதன் பிறகும் எழுதுகிறோம்.

ஏன் இப்படி? ‘முதலில் உடம்பைத் தேற்றிக்கொண்டு வாங்க’ என்றால் வேறு மையத்துக்குப் போய்விடுவார்களோ என்ற பயம். முப்பத்தெட்டு வயதுக்காரரைக் காக்க வைக்கக் கூடாது என்பதையும் சாக்காகச் சொல்லிக்கொண்டோம். உண்மையில் யாரும் காத்திருக்க வேண்டியதில்லை. பரிசோதனைகளுக்கும் ஊசிகளுக்கும் எப்படியும் சில வாரம் ஆகும். மாத்திரையை முதல் நாளே தொடங்கிவிடலாம்.

ஆகவே, முதல் நாள் சீட்டில் முதல் வரியாக ஃபோலிக் அமிலம் வர வேண்டும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் பி12 முடிவுகளைப் பார்த்துச் சிகிச்சை தொடங்கிய பிறகுதான் பேக்கேஜ் பேச்சை எடுக்க வேண்டும். இதைச் செய்ய எங்களுக்குப் புதுக் கருவி எதுவும் வேண்டாம்.