சுவரில் ஓதம், டிபாசிட்டில் ஓட்டை

மும்பைக்கு மாற்றலாகி வரும் நம்மாட்கள் வீடு பார்க்கும் விதம் தெரிந்ததுதானே? ஸ்டேஷன் எத்தனை நிமிஷ நடை, தண்ணி எத்தனை மணி நேரம் வரும், பக்கத்தில் இட்லி மாவு கிடைக்குமா... சுவரை யாரும் பார்ப்பதில்லை. பார்த்தாலும் தெரியாதுங்க. மே மாசம் புது பெயிண்ட் பளபளவென்று இருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை நாலே மாசத்தில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் ஊர் இது. சென்னைக்கு வருஷம் முழுக்கவே சுமார் 1,400தான். ஜூலையில் பீரோவை நகர்த்தினால் பின்னாடி கறுப்பாகப் பூஞ்சை!

ஓனரைக் கேட்டால், "நீங்க ஜன்னலே திறக்கறதில்லை, எல்லாம் சாம்பார் ஆவி" என்பார் (எனக்குக் கிடைத்த பதில் இதுதான்). காலி பண்ணும்போது 'பெயிண்டிங் சார்ஜ்' என்று டிபாசிட்டில் பிடிப்பார். நம்மவர்களும் வெளியூரில் எதுக்கு வம்பு என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. சுவருக்குள் கசியும் தண்ணிக்கு வாடகைக்காரன் ஏன் பணம் தரணும்?

ஆனால் சண்டைக்கு முன் தண்ணி எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுங்கள். சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, இரண்டு நாள் விடுங்கள். தாளின் வெளிப்பக்கம் ஈரம் என்றால் அறைக் காற்றின் ஈரம். வீட்டுக்குள் துணி காயப்போடுவது, குக்கர் ஆவி எல்லாம் சேர்ந்தது. அது நம்ம வேலை. எக்ஸாஸ்ட் ஃபேன் போடுங்கள், பீரோவைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். தாளுக்குப் பின்னால் ஈரம் என்றால் சுவரே நனைகிறது. மழையில் மட்டும் என்றால் வெளிச்சுவர் விரிசல். மார்ச் மாசத்திலும் காயவில்லையா, மேல் வீட்டு பாத்ரூமையோ குழாயையோ சந்தேகப்படலாம்.

மகாராஷ்டிரா ஹவுசிங் சொசைட்டிகளின் மாதிரி பைலாப்படி மழைத்தண்ணி கசிவும், வெளிப்புறப் பொதுக் குழாய்க் கசிவும் சொசைட்டி செலவு. வீட்டுக்கு உள்ளே இருக்கும் பாத்ரூம், சிங்க் கசிவு அந்தந்த ஃப்ளாட் ஓனர் செலவு. நாம் மெம்பர் இல்லை, அதனால் சொசைட்டிக்கு லெட்டர் எழுத வேண்டியவர் ஓனர். அவரை எழுத வைப்பதுதான் பெரும்பாடு. நான் தேதியோடு போட்டோ எடுத்து வாராவாரம் அனுப்பிக்கொண்டே இருந்தேன். மூணாவது மாசம் மேல் வீட்டு பாத்ரூம் டைல்ஸைப் பெயர்த்தார்கள்.

அடுத்த அக்ரிமெண்ட் போடும்போது "லீக்கேஜ், ஓதம், அதனால் ஆகும் பெயிண்ட் செலவு ஓனருடையது" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மகாராஷ்டிரா வாடகைச் சட்டம் 1999, பிரிவு 55படி லீவ் அண்ட் லைசன்ஸைப் பதிவு செய்வது ஓனர் பொறுப்பு. ப்ரோக்கர் முகம் சுளிப்பார், சுளிக்கட்டும்.

சின்னக் குழந்தைகளோ ஆஸ்துமாக்காரர்களோ இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஓதமும் பூஞ்சையும் மூச்சுக் கோளாறை அதிகப்படுத்தும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே சொல்லியாச்சு. பூஞ்சையைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், வீடு முழுக்கப் பறக்கும். மாஸ்க் போட்டு, ஜன்னலைத் திறந்து, சோப்புத் தண்ணியில் நனைத்த துணியால் துடையுங்கள். ப்ளீச் போடுவதானால் டாய்லெட் ஆசிட் பக்கத்திலேயே வரக்கூடாது. இரண்டும் கலந்தால் விஷ வாயு.

பெயிண்ட்? கசிவை அடைத்து, சுவர் முழுசாகக் காய்ந்த பிறகுதான். எங்க வீட்டுச் சுவர் காய இரண்டு மாசம் ஆச்சு.