நடக்கும்வரை காத்திருப்பது தகுமா?

பச்சிளங் குழந்தையின் இடுப்பு மூட்டு விலகியிருக்கிறதோ என்று ஒரு தாய் சந்தேகப்பட்டுக் கேட்கும்போது, வீட்டுப் பெரியவர்களும் அண்டை அயலாரும், சில சமயங்களில் நன்கு படித்தவர்களுங்கூட, ஒரே குரலில் சொல்லும் விடை ஒன்று உண்டு. "பிள்ளை எழுந்து நடக்கட்டும், எல்லாம் தானாகச் சரியாகிவிடும்" என்பதே அது. கலங்கிய தாயின் மனத்தைத் தேற்ற வேண்டும் என்னும் பரிவிலிருந்தே இந்த வார்த்தை பிறக்கிறது; அப்படிச் சொல்பவர்களின் அன்பை நான் சிறிதும் குறைத்து மதிக்கவில்லை. ஆயினும், அந்த வார்த்தையை நம்பிக் காத்திருந்த ஒரே காரணத்தால், இரண்டு மூன்று மாதம் மிருதுவான பட்டை அணிந்து தீர்ந்திருக்கக்கூடிய குறை அறுவை மேஜைவரை சென்று முடிவதும், சில குழந்தைகளுக்கு அதன் பிறகும் முழுமையாகத் தீராமல் நின்றுவிடுவதும் நம் நாட்டில் இன்றும் நடந்துகொண்டிருப்பதால், இந்த அபிப்பிராயத்தையும் அதற்கு ஆதரவாகச் சொல்லப்படும் நியாயங்களையும் எடுத்துச் சோதித்துப் பார்ப்பது கடமையாகிறது.

அதற்கு முன்பு மூட்டின் இயல்பைச் சற்றுத் தெரிந்துகொள்ள வேண்டும். தொடை எலும்பின் மேல்முனை உருண்டையானது; இடுப்பெலும்பிலுள்ள கிண்ணம் போன்ற ஒரு குழியில் அது பொருந்திச் சுழல்கிறது. பிறந்த குழந்தைக்கு அந்த உருண்டையும் குழியின் விளிம்பும் இன்னும் எலும்பாக இறுகாத குருத்தாகவே இருக்கின்றன. குழி ஆழமாக வளர வேண்டுமானால் உருண்டை அதனுள்ளே அமர்ந்து அசைந்துகொண்டிருக்க வேண்டும். உருண்டை உருண்டையாகவே வளர வேண்டுமானால் குழியின் அணைப்பு அதற்கு வேண்டும். ஒன்றையொன்று உருவாக்கும் இந்தப் பரஸ்பர சம்பந்தம் அறுபட்டுப்போனால், குழி ஆழமிழந்து தட்டையாகிறது. அதில் கொழுப்பும் நாரும் நிரம்புகின்றன. சுற்றியுள்ள தசைகள் குறுகி உருண்டையை மேல்நோக்கி இழுத்துக்கொள்கின்றன. வளர்ச்சியின் வேகம் மிகுந்திருப்பது முதற் சில மாதங்களிலேயே. ஆகையால், உருண்டை குழிக்குள் இருக்கும் குழந்தைக்குக் காலம் செய்யும் உபகாரம் எவ்வளவோ, அது வெளியே இருக்கும் குழந்தைக்கு அதே காலம் செய்யும் அபகாரமும் அவ்வளவே.

தானாகச் சரியாகிவிடும் என்பதில் உண்மையே இல்லையா என்றால், உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. இங்கிலாந்தில் ஸால்போர்டு நகரத்தில் பார்லோ என்னும் மருத்துவர் ஆயிரக்கணக்கான சிசுக்களைச் சோதித்து 1962-இல் வெளியிட்ட முடிவு இன்றளவும் எடுத்துக்காட்டப்படுகிறது. பிறந்த குழந்தைகளில் சுமார் அறுபதில் ஒன்றுக்கு இடுப்பு மூட்டு தளர்ந்திருப்பதையும், அவற்றில் 60 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை முதல் வாரத்திலேயே இறுகிவிடுவதையும், இரண்டு மாதத்துக்குள் 88 விழுக்காடு குணமாகிவிடுவதையும் அவர் கண்டார். காத்திருக்கச் சொல்பவர்கள் தம்மை அறியாமலே சார்ந்து நிற்பது இந்த 88 பேரைத்தான். மீதியுள்ள 12 பேரின் கதி என்ன? ஆயிரம் பிரசவத்துக்கு ஒன்றிரண்டு என்று அமையும் அந்தக் குழந்தைகளுக்கு மூட்டு தானாகத் திரும்புவதில்லை. மேலும், இயற்கை தன் திருத்தத்தைச் செய்து முடிப்பது முதல் இரண்டு மாதங்களில். பெரியவர்கள் காத்திருக்கச் சொல்வதோ பன்னிரண்டு, பதினைந்து மாதங்கள். இரண்டு மாதத்தில் சரியாகாத மூட்டு, குழந்தை நடப்பதனால் சரியாகும் என்பதற்கு எந்தப் பிரமாணமும் இல்லை. குழிக்கு வெளியே இருக்கும் உருண்டையின்மேல் உடலின் பாரம் ஏறும்போது அது இன்னும் மேலே தள்ளப்படுமேயன்றி, இறங்கி உள்ளே நுழைய வழியில்லை.

"வலி இருந்தால் குழந்தை அழாதா? இது சிரித்துக்கொண்டு கால்களை உதைக்கிறதே" என்று அடுத்தபடியாகக் கேட்பார்கள். கேள்வி இயல்பானது, பெற்ற வயிறு நோயை அழுகையைக் கொண்டுதானே அறிகிறது. ஆனால் இந்தக் குறையின் கொடுமையே அது சைசவத்தில் வலிப்பதில்லை என்பதில் இருக்கிறது. பாலருந்தும், உறங்கும், தவழும். எடை குறையாது, காய்ச்சல் வராது. வலி வருவது பல ஆண்டுகளுக்குப் பிறகு. ஆழமற்ற குழியில் இடம் போதாமல் உரசி உரசித் தேய்ந்த மூட்டு, முப்பது நாற்பது வயதில், குடும்பபாரம் முழுவதும் தோளில் ஏறியிருக்கும் காலத்தில், மாடிப்படி ஏறவும் தரையில் அமரவும் விடாமல் வருத்தத் தொடங்குகிறது. இளவயதிலேயே இடுப்பு மூட்டை மாற்றி உலோக மூட்டு வைத்துக்கொள்ளும் பெண்களில் பலருக்கு மூலகாரணம் அவர்கள் தொட்டிற் பருவத்தில் எவர் கண்ணிலும் படாமற்போன இக்குறையே.

இனி, கண்ணால் பார்த்தே முடிவு கட்டிவிடுகிறவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இவர்கள் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். தொடையிலுள்ள மடிப்புகள் இரண்டு பக்கமும் சமமாக இல்லையென்று கண்டு திகிலடைபவர்கள் ஒரு சாரார்; எவ்விதக் குறையும் இல்லாத குழந்தைகள் பலருக்கும் மடிப்புகள் ஒத்திராமல் இருக்கின்றன என்பதை அவர்கள் அறிந்து ஆறுதலடையலாம். காலை அசைக்கும்போது கேட்கும் மெல்லிய சொடக்கு ஒலியும் பெரும்பாலும் தசைநாரின் ஒலியே. மடிப்புகள் சமமாக இருக்கின்றன, கால்களின் நீளமும் ஒத்திருக்கிறது என்று நிம்மதியடைபவர்கள் மற்றொரு சாரார். இவர்களுடைய தவறுதான் அபாயமானது. ஏனெனில், இரண்டு இடுப்பும் ஒருங்கே விலகியிருக்கும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் ஒரேமாதிரிக் குறைபட்டிருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு நல்ல பக்கமென்று ஒன்று இல்லாமற்போகிறது. தாய் வீட்டிலேயே கவனிக்கத்தக்க ஓர் அடையாளம் உண்டு. துணி மாற்றும்போது முழங்கால்களை மடக்கி இருபுறமும் மெதுவாக விரித்தால், இரண்டு தொடைகளும் ஏறக்குறைய ஒரே அளவு தாராளமாக விரிய வேண்டும். ஒன்று பாதியில் நின்றாலும், இரண்டுமே விரிய மறுத்தாலும், அன்றே மருத்துவரிடம் சொல்லத்தக்க செய்தி அது. விரியாததைப் பலவந்தமாக விரிக்கலாகாது.

"ஒரு வயதிலேயே நடந்துவிட்டதே" என்னும் சமாதானத்துக்கும் பலமில்லை. மூட்டு விலகிய குழந்தைகளும் பெரும்பாலும் மற்றக் குழந்தைகளை ஒட்டிய வயதிலேயே நடக்கின்றன. நடக்கிறதா என்பதைவிட எப்படி நடக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தும், ஒரு காலை நுனிவிரலில் ஊன்றியும், இரு மூட்டும் விலகியிருந்தால் இடுப்பு முன்தள்ளி உடல் இருபுறமும் ஆடியும் நடக்கும். இவை தெரியவரும்போது எளிய சிகிச்சையின் காலம் கடந்து வெகுநாளாகியிருக்கும்.

"பிறந்தபோதே டாக்டர் பார்த்துவிட்டார்", "எங்கள் வம்சத்தில் யாருக்கும் இல்லை" என்னும் இரண்டும் சேர்ந்தே வருவதால் சேர்த்தே விடை சொல்லலாம். பிறந்தபோது சரியாக இருந்த மூட்டு பின்னர் விலகுவதும், கைச்சோதனைக்குத் தப்புவதும் உண்டு. அதனால்தான் ஆறு வாரத்தையொட்டி மறுபடியும் பார்க்க வேண்டும் என்கிறார்கள். தாய், தந்தை, உடன்பிறந்தோருக்கு இருந்திருந்தால் சந்தேகத்துக்கு இடம் அதிகம்தான். ஆனால் இக்குறையுள்ள குழந்தைகளில் மிகப் பலர் அப்படிப்பட்ட வரலாறு எதுவும் இல்லாத குடும்பங்களில் பிறந்தவர்களே. ஆண் குழந்தையைக் காட்டிலும் பெண் குழந்தைக்கு நாலைந்து மடங்கு அதிகமாக வருகிறது. தலைச்சன் பிள்ளைக்கும், இடது பக்கத்துக்கும் அதிகம். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் தலை மேலாகவும் பிருஷ்டம் கீழாகவும் இருந்த குழந்தைக்கு மிக அதிகம். ஸிஸேரியன் செய்து எடுத்துவிட்டதால் அந்த அபாயம் நீங்கிவிட்டதென்று நினைப்பவர்கள், குழந்தை வெளிவந்த வழியைவிட உள்ளே மடங்கிக் கிடந்த நிலைக்கே இதில் பங்கு அதிகம் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். முதல் நான்கைந்து மாதங்களுக்குத் தொடை எலும்பின் தலை குருத்தாக இருப்பதால் எக்ஸ்ரேயில் அது தெரியாது. ஆஸ்திரியாவைச் சேர்ந்த கிராப் என்னும் மருத்துவர் 1980-இல் வகுத்துக்கொடுத்த அல்ட்ராசவுண்டு ஸ்கேன் முறையில் தெரியும். அந்நாட்டிலும் ஜெர்மனியிலும் எல்லாக் குழந்தைகளுக்கும் அந்த ஸ்கேன் எடுக்கிறார்கள். நம்மால் அவ்வளவு இயலாவிட்டாலும், மேற்சொன்ன பெண் குழந்தைக்கும் பிருஷ்டம் கீழாயிருந்த குழந்தைக்குமாவது ஆறாவது வாரத்தில் ஸ்கேன் தேவையா என்று கேட்பது பெற்றோரின் உரிமை.

எனக்கு மிகவும் கவலையளிக்கும் கூற்று ஒன்றுண்டு. "காலை நீட்டி இறுக்கிச் சுற்றி வை, இல்லாவிட்டால் கால் வளைந்துவிடும், இடுப்பில் தூக்காதே, கவட்டை அகன்றுவிடும்" என்று சொல்கிறார்களே, அது தவறு என்பதோடு நில்லாமல் நேர்மாறான தீங்கையே விளைவிக்கக்கூடியது. கருப்பையில் மாதக்கணக்காக மடங்கியிருந்த சிசுவின் இடுப்பும் முழங்காலும் பிறந்த பிறகும் சில மாதங்கள் மடங்கி விரிந்திருப்பதே இயற்கை. அந்த நிலையிலேதான் உருண்டை குழியின் நடுவில் நன்றாக அமர்கிறது. இரண்டு கால்களையும் நேராக்கிச் சேர்த்துக் கட்டும்போது, இறுகிய தசைகள் அதைக் குழியின் விளிம்புக்குத் தள்ளுகின்றன. இது வெறும் யூகமன்று. குழந்தைகளைத் தொட்டிற் பலகையில் கால் நீட்டிக் கட்டிவைத்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோக்களிடையே இக்குறை மிகுந்திருந்தது. ஜப்பானில், சிசுவின் கால்களை நீட்டித் துணியால் சுற்றும் வழக்கம் இருந்த காலத்தில் நூறு குழந்தைகளில் ஒன்று முதல் மூன்றுக்கு மேலும் இடுப்பு விலகல் காணப்பட்டது; 1970-களின் நடுவில், கால்களை நீட்டிக் கட்டாதீர்கள் என்று தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும் நாடு முழுவதும் சொல்லிக்கொடுத்த பிறகு, அது ஆயிரத்தில் இரண்டு என்ற அளவுக்கும் கீழே இறங்கியது. மருந்தும் கத்தியுமின்றி, துணி சுற்றும் முறையை மாற்றியதனால் மட்டும் இத்தனை குழந்தைகள் நொண்டாமல் பிழைத்தன என்பது எண்ண எண்ண நெஞ்சை நெகிழவைக்கும் செய்தி. மறுபுறம், குழந்தையைக் கால் அகட்டி முதுகில் கட்டிக்கொள்ளும் ஆப்பிரிக்க மக்களிடையே இது அரிதாகக் காணப்படுகிறது.

நம் வழக்கங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், மகிழ்வதற்கும் இடமிருக்கிறது, திருத்திக்கொள்வதற்கும் இடமிருக்கிறது. கழுத்து நின்ற குழந்தையைத் தாய் தன் இடுப்பில் இருபுறமும் கால் போட்டு அமர்த்திக்கொள்கிறாளே, அந்த நிலை மூட்டுக்கு மிகவும் உகந்தது. அதனால் கால் வளைவதுமில்லை, கவட்டை அகல்வதுமில்லை. நீட்டிய கால்களின்மேல் குழந்தையைக் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியின் கைவண்ணத்தையும் நான் பழிக்கவில்லை. மெல்ல வருடுவதாலும், முழங்காலை மடக்கி வயிற்றருகே கொண்டுபோவதாலும் கெடுதலில்லை. இரண்டு கணுக்காலையும் பிடித்து, முழங்காலை அழுத்தி, நேராகும்வரை இழுத்து உருவுவதை மட்டுமே விட்டுவிடச் சொல்கிறேன். குளிருக்குத் துணி சுற்றினாலும் மார்பையும் தோளையும் அணைத்துச் சுற்றி, இடுப்புக்குக் கீழே கால்கள் மடங்கி அசையும்படி தளர்த்திவிட வேண்டும்.

உருவிவிட்டே மூட்டைப் பொருத்திவிடலாம் என்று சுளுக்கு எடுப்பவரை நாடிச் செல்பவர்களுக்கு ஒரு சரித்திரத்தைச் சொல்வது நலம். வியன்னா நகரத்து அடால்ப் லோரென்ஸ், கத்தி எடுக்காமல் கையாலேயே விலகிய இடுப்பைப் பொருத்துவதில் உலகப்புகழ் பெற்றவர். 1902-இல் சிகாகோ நகரத்துக் கோடீசுவரர் ஒருவர் தம் சிறு மகளுக்காக அவரைக் கடல்கடந்து வரவழைத்தார். அத்தகைய நிபுணர் மயக்கமருந்து கொடுத்துச் செய்த அம்முறையிலுங்கூட, பலவந்தமாகப் பொருத்தி மிகவும் அகட்டிக் கட்டுப்போட்டதனால், தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்தவோட்டம் தடைப்பட்டு அது சிதைந்துபோனது பலருக்கு நேர்ந்தது. இந்தத் தீங்கைக் கண்டு மனம் பொறுக்காமல்தான், செக் நாட்டு மருத்துவர் அர்னால்டு பாவ்லிக், 1940-களில் தோளிலிருந்து பாதம்வரை செல்லும் மிருதுவான பட்டைகளைக் கொண்ட ஒரு சாதனத்தை அமைத்தார். அது இடுப்பை மடக்கி வைக்கிறதே தவிர அசையாமல் கட்டிவைப்பதில்லை. குழந்தை தானே கால்களை உதைத்து விளையாடும் அசைவினாலேயே உருண்டை மெல்ல மெல்லக் குழியில் அமர்கிறது.

அந்தப் பட்டையைத்தான், "பச்சைக் குழந்தையை இப்படிக் கட்டிப்போடுவதா?" என்று உறவினர் கண்டிக்கிறார்கள். பெண் குழந்தையானால், "நாலு பேர் பார்த்தால் நாளைக்குக் கலியாணத்துக்கு ஊனமென்று சொல்லமாட்டார்களா?" என்றும் தயங்குகிறார்கள். முதல் சில நாள் குழந்தை சிணுங்குவது உண்மை, பிறகு பழகிவிடுகிறது. பாலூட்டலாம், தூக்கலாம், கொஞ்சலாம். ஆறு மாதத்துக்குள், அதிலும் முதல் சில வாரங்களிலேயே தொடங்கினால், பெரும்பான்மையான குழந்தைகளுக்கு இரண்டு மூன்று மாதத்தில் காரியம் முடிந்துவிடுகிறது. பட்டை அணிந்திருந்ததை அந்தப் பெண் பெரியவளாகி நினைவிற்கூட வைத்திருக்கமாட்டாள். நாலு பேருக்கு அஞ்சி அதைக் கழற்றிவிட்டால், அவள் சாய்ந்து நடப்பதை அந்த நாலு பேரும் ஆயுள் முழுதும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பட்டையைத் தளர்த்துவதும் கழற்றுவதும் மருத்துவர் சொன்னபடியே நடக்க வேண்டும். சில வாரங்களாகியும் மூட்டு உள்ளே அமராவிடில் அதையே தொடர்ந்து அணிவிப்பதும் தீங்காகும் ஆதலால், குறித்த நாளில் காட்டத் தவறலாகாது. பட்டைக்குப் பதிலாக இரண்டு மூன்று துணிகளைத் தடிமனாகக் கட்டினால் போதும் என்பது பயனற்ற யோசனை.

கடைசியாக, காத்திருந்து நாளைக் கழித்துவிட்ட பெற்றோர், "வயது கடந்துவிட்டது, இனி விதிப்படி ஆகட்டும்" என்று சோர்ந்துபோவதும் தவறான முடிவே. ஆறு மாதத்துக்கு மேல், மயக்கமருந்து கொடுத்து மூட்டைப் பொருத்தி, இடுப்பிலிருந்து கால்வரை மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஒன்றரை வயதுக்கு மேலானால் பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டியிருக்கிறது. குழி மிகவும் ஆழமற்றிருந்தால், டொரான்டோ நகரத்து ஸால்டர் 1961-இல் விளக்கிய முறையில் இடுப்பெலும்பையே வெட்டித் திருப்பி, உருண்டைக்கு மேலே கூரை அமையும்படி செய்கிறார்கள். பெரிய சிகிச்சைதான், ஆயினும் தகுந்த வயதில் செய்துகொண்ட குழந்தைகள் பலர் நன்றாக நடக்கிறார்கள். இரண்டு பக்கமும் விலகியிருந்தால் ஆறு வயதையும், ஒரு பக்கமானால் எட்டு வயதையும் ஒட்டி, செய்வதால் நன்மை அதிகமா தீமை அதிகமா என்று மருத்துவர்களே தயங்கும் கட்டம் வந்துவிடுகிறது. மூன்று வயதுக் குழந்தை சாய்ந்து நடப்பதைக் கண்டு இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும் தாய் தந்தையர், கோடை விடுமுறை வரட்டும், நல்ல நாள் பார்ப்போம் என்று தள்ளிவைக்காமல், ஓர் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு இந்த வாரமே குழந்தைகளுக்கான எலும்பு மருத்துவரிடம் காட்டுவார்களாக.