முதல் வாரமும் முதல் தலைமுறையும்

பெங்களூரில் ஈஜிபுராவின் சந்துகளிலிருந்து கோரமங்களாவின் கல்லூரி வாயில்கள் அதிக தூரமில்லை; 1966-இல் தோன்றிய ஜோதி நிவாஸ் கல்லூரியும், 1969-இல் தோன்றி இன்று நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக விளங்கும் கிறைஸ்டும் நடந்தே சென்றுவிடத்தக்க தொலைவில் இருக்கின்றன. ஆயினும், கட்டட வேலையும் வீட்டு வேலையும் செய்து ஜீவனம் நடத்தும் தமிழ்க் குடும்பமொன்றில், வம்சத்திலேயே முதல் ஆளாகக் கலாசாலைப் படியேறும் பிள்ளைக்கு, அந்தத் தூரத்தைக் கடப்பதைக் காட்டிலும், உள்ளே சென்றபின் தன்னிடம் எதிர்பார்க்கப்படுவது இன்னதென்று விளங்கிக்கொள்வதே கஷ்டமான காரியமாக இருக்கிறது. அதை விளக்குவதற்கென்றே ஏற்பட்டது 'ஓரியண்டேஷன்' என்னும் தொடக்க நிகழ்ச்சி.

அதன் உத்தேசம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. காந்திநகர் ஐ.ஐ.டி. 2011 முதல் புது மாணவர்களுக்குப் பல வார காலப் பயிற்சி நடத்தி வந்த அனுபவம் ஊக்கமளிக்க, அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கழகம் தனது 2018-ஆம் ஆண்டு மாதிரிப் பாடத்திட்டத்தில் பொறியியல் மாணவர்களுக்கு மூன்று வார அறிமுகத்தை வகுத்தது. பல்கலைக்கழக மானியக் குழுவும் 2019-இல் 'தீக்ஷாரம்ப்' என்ற வழிகாட்டியை வெளியிட்டது. தேகப் பயிற்சி, கலைகள், மானிட விழுமியங்கள், ஊரைச் சுற்றிப் பார்த்தல், ஆசிரியரோடு சிறு குழுவாக அமர்ந்து உரையாடல் என்று அவற்றில் கண்டிருப்பவை யாவும் சிலாக்கியமானவையே. ஆனால் பல கல்லூரிகளில் அந்த வாரங்கள் ஒரே ஒரு முற்பகலாகச் சுருங்கி, குத்துவிளக்கு, முதல்வரின் பிரசங்கம், கல்லூரியின் பெருமைகளைக் காட்டும் படம், அடையாள அட்டை என்பதோடு முடிந்துவிடுகின்றன.

தகப்பனோ தாயோ கல்லூரியில் படித்த வீட்டுப் பிள்ளைக்கு இதனால் நஷ்டமில்லை. அவன் கேளாத விஷயங்களை வீட்டார் சொல்லிவிடுவார்கள். ஈஜிபுராப் பிள்ளைக்கோ, வருகைப்பதிவு பெரும்பாலும் 75 சதவீதத்துக்குக் குறைந்தால் பரீட்சை எழுத இயலாது என்பதும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லாதபோது அவளுக்குப் பதிலாக வேலைக்குப் போகும் நாட்கள் அந்தக் கணக்கில் குறையும் என்பதும், 'இன்டர்னல்' மதிப்பெண் வருஷக் கடைசியில் அல்லாமல் அவ்வப்போது சேருவது என்பதும், அரசின் உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பிக்கும் கெடு முடியுமுன் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் ஆதாருடன் இணைத்த வங்கிக் கணக்கும் கைவசம் இருக்க வேண்டும் என்பதும், எவரேனும் வாய்விட்டுச் சொன்னாலன்றித் தெரிய வழியில்லை. மொழிப்பாடமாகத் தமிழைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பு பெங்களூரின் சில கல்லூரிகளில் உண்டென்பதும் அந்த முதல் நாட்களில் சொல்லப்பட வேண்டியதே. கன்னடமும் ஆங்கிலமும் மாத்திரமே உண்டென்று எண்ணி விண்ணப்பத்தை நிரப்பிவிட்டபின் மாற்றுவது எளிதன்று.

அந்த முதல் நாட்களில் பேசப்பட வேண்டிய இன்னொன்று ராகிங்; அந்த விஷயத்தில் நாம் கொடுத்த விலை பெரிது. 1996 நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் பொன். நாவரசு கொலையுண்டான்; மறு ஆண்டே தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. 2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் அமன் கச்ரு என்னும் மாணவன் ராகிங்கினால் உயிரிழந்த பின்னர் மானியக் குழு அதே வருஷம் கடுமையான விதிகளை இயற்றி, மாணவனும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் அளிப்பதைக் கட்டாயமாக்கியது. பெற்ற பிள்ளையைக் காக்கவே ஏற்பட்ட அந்தக் காகிதத்தில், என்ன எழுதியிருக்கிறதென்று அறியாமலே கையொப்பமிடும் தாய்மார் இன்றும் இருக்கிறார்கள் என்பது என் மனத்தை மிகவும் வருத்துகிறது. 1800-180-5522 என்ற இலவச உதவி எண்ணைப் பிள்ளைக்கு மட்டுமன்றித் தாய்க்கும் கொடுத்து, எப்போது அதை அழைக்கலாம் என்று சொல்வது கல்லூரியின் கடமை.

ஆகவே, கல்லூரிகளிடம் நான் வேண்டுவது பணச் செலவு பிடிக்கும் காரியமன்று. தொடக்க வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, வேலைக்குப் போகும் பெற்றோரும் வரத்தக்க வேளையில், கன்னடத்திலும் தமிழிலும் அவர்களுக்கென ஒரு கூட்டம் நடத்தட்டும். அங்கே விருந்தினர் எவரும் வேண்டாம். உதவித்தொகைப் பிரிவின் குமாஸ்தாவும், வகுப்பாசிரியர் ஒருவரும், இதே ஈஜிபுராவிலிருந்து வந்து இப்போது மூன்றாம் வருஷம் படிக்கும் மாணவி ஒருத்தியும் இருந்தால் போதும். பேச்சில் பெரும்பங்கு அந்த மாணவியுடையதாகவே இருக்கட்டும்.