பெரியண்ணன் போன ரயில்

“ஜப்பானுக்கா? ஆளப் பிடிச்சிட்டுப் போறவன் ஊராச்சே! நீ எதுக்குடி அங்க போற?”

டிக்கெட் எடுத்த செய்தியைச் சொல்லத்தான் சி ரூசாவுக்குப் போன் செய்தேன். 87 வயதுப் பாட்டியின் பதில் இது. அம்மாவும் நானும் சிரித்துவிட்டோம். பாட்டி சிரிக்கவில்லை.

தோக்கியோவில் அசாகுசா பகுதியில் ஹோட்டல் எடுத்திருந்தோம். அறை எவ்வளவு சின்னது என்றால், ஒரு பெட்டியைத் திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும். ஆனால் ஜன்னல் வழியே சென்சோஜி கோயிலின் ஐந்தடுக்குக் கோபுரம் தெரியும். கோயிலுக்கு நடந்து போகிற தூரத்தில் தங்குவதில் ஒரு வசதி உண்டு. பத்து மணிக்குச் சுற்றுலாக் கூட்டம் வந்து மொய்ப்பதற்குள், காலை ஆறரைக்கே போய்க் கும்பிட்டுவிட்டு வந்துவிடலாம். அந்த நேரத்தில் அங்கே இருப்பவர்கள் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள்தான். வேலைக்குப் போகிற வழியில் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கிறார்கள். நம் ஊர் மாரியம்மன் கோயில் வாசல் மாதிரியேதான்.

628இல் சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி இருவரின் வலையில் கன்னோன் சிலை சிக்கியது என்பது கோயிலின் வரலாறு. 1945 மார்ச் மாதக் குண்டுவீச்சில் பழைய மண்டபம் எரிந்துபோனது. இப்போது நிற்பது 1958இல் திரும்பக் கட்டியது. பக்கத்திலேயே இருக்கும் அசாகுசா ஷின்டோ ஆலயம் 1649இல் கட்டியது. அது அந்தத் தீயிலும் தப்பிவிட்டது.

அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் மட்சுச்சியாமா ஷோதென். அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போன கோயில். காரணம், அங்கே இருப்பவர் நம் பிள்ளையார்! ஜப்பானில் அவருக்குக் கங்கிதென் என்று பெயர். கொழுக்கட்டைக்குப் பதில் வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள். சிலையை யாருக்கும் காட்டுவதில்லை. “பார்க்க முடியாட்டி என்ன, உள்ள இருக்காருல்ல” என்று அம்மா கோயிலிலேயே ஒரு முள்ளங்கி வாங்கி வைத்துவிட்டு, வாயில் ஏதோ முணுமுணுத்தார். என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் போக வேண்டிய இடத்தை நான் கிளம்பும் முன்பே முடிவு செய்திருந்தேன். பாட்டியின் மூத்த அண்ணனை 1943இல் தோட்டத்திலிருந்து சயாமுக்குக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவே இல்லை. வீட்டில் அந்தக் கதை அந்த இரண்டு வரிதான். கல்லூரியில் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ நாவலைப் படித்தபோதுதான், அந்த இரண்டு வரிக்குள் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு உறைத்தது.

யசுகுனி ஆலயம் எப்படிப் போவது என்று ஹோட்டல் வரவேற்பு மேசையில் கேட்டேன். என் வயதுப் பெண். வரைபடத்தில் வட்டம் போட்டு, ரயில் மாறும் இடத்தையும் குறித்து, இரண்டு கையாலும் நீட்டினார். அவர் மேல் எனக்கு என்ன கோபம் வரும்?

யசுகுனி 1869இல் தொடங்கிய ஆலயம். அங்கே கல்லறைகள் கிடையாது, பெயர்கள்தான். ஜப்பானுக்காகப் போரில் இறந்த 24 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்களைப் பதிவேட்டில் எழுதி வைத்து வணங்குகிறார்கள். போர்க்குற்ற வழக்கில் நிறுத்தப்பட்ட தலைவர்கள் 14 பேரையும் 1978இல் அதில் சேர்த்தார்கள். பிரதமர்கள் அங்கே போகும்போதெல்லாம் சீனாவும் கொரியாவும் கொதிப்பது அதனால்தான்.

ஆலயத்தை ஒட்டி யூஷுகான் அருங்காட்சியகம். நுழைந்ததும் முன்கூடத்திலேயே ஒரு நீராவி இன்ஜின் நிற்கிறது. டிக்கெட் வாங்காமலே பார்க்கலாம். எண் சி56 31. 1936இல் ஜப்பானில் செய்தது. 1943 அக்டோபரில் சயாம்–பர்மா ரயில்பாதையின் திறப்பு விழாவில் ஓடியது இதுதான். போருக்குப் பிறகு தாய்லாந்தில் ஓடிக்கொண்டிருந்த இதை, அந்தப் பாதையில் வேலை பார்த்த பழைய ஜப்பானிய ரயில்வே படையினர் பணம் திரட்டி 1979இல் ஊருக்கு அழைத்து வந்தார்கள்.

கறுப்பாகப் பளபளவென்று இருந்தது. பக்கத்தில் ஒரு அப்பா தன் மகனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

415 கிலோமீட்டர் பாதை. அதைப் போட்டவர்களில் வெள்ளைக்காரப் போர்க்கைதிகள் 60,000க்கும் மேல். தமிழர், பர்மியர், மலாய்க்காரர், ஜாவானியர் என்று ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு. அவர்களில் மட்டும் 90,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்கிறார்கள். மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் நம் தோட்டத்துச் சனம். காஞ்சனாபுரியின் போர்க்கல்லறையில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்க்கற்கள் இருக்கின்றன. நம்மவர்கள் காட்டோரக் குழிகளில் போனவர்கள்.

அன்று இரவு ஹோட்டலிலிருந்து பாட்டிக்குப் போன் போட்டேன். எங்களுக்கு ஒன்பது மணி, சி ரூசாவில் எட்டு.

“அந்த ரயிலப் பாத்தோம் பாட்டி.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “இன்னுமா வச்சிருக்கான்?”

“சுத்தமா துடைச்சு, நம்பர் எழுதி வச்சிருக்காங்க.”

“ம்.”

“பாட்டி, உங்க அண்ணன் பேரு என்ன?”

இத்தனை வருஷத்தில் நான் இதைக் கேட்டதே இல்லை. சினிமாக்காரர்கள், பாடகர்கள், அரசியல்வாதிகள் என்று நூற்றுக்கணக்கானவர்களை வானொலியில் பேட்டி எடுத்திருக்கிறேன். பாட்டியின் முன்னால் ஒருநாளும் ஒலிவாங்கியை வைத்ததில்லை.

“பெரியண்ணே” என்றார் பாட்டி. “பெரியண்ணேன்னுதான் கூப்பிடுவேன். எனக்கு அப்ப அஞ்சு வயசு. அம்மாவும் அவரு பேச்ச எடுத்தா அழுவாங்க, அதனால யாரும் கேக்க மாட்டோம். பேரு… தெரியலையே கண்ணு.”

பாட்டியின் மற்ற அண்ணன் அக்காக்கள் யாரும் இப்போது இல்லை. பத்து வருஷத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் சொல்ல இரண்டு பேராவது இருந்திருப்பார்கள். அப்போது நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? அதே போர்ட்டிக்சன் கடற்கரைக்கு நண்பர்களோடு போய்விட்டு, பாட்டி வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

ஜப்பானுக்குப் போங்கள். நல்ல ஊர், நல்ல மனிதர்கள். கோயில் பக்கமாகத் தங்குங்கள், விடியற்காலையில் நடங்கள், பிள்ளையாருக்கு முள்ளங்கி வையுங்கள். ஆனால் அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவைத் தட்டிவிட்டு மூன்றே கேள்வி கேளுங்கள். எந்தத் தோட்டம்? யார் போனார்கள்? அவர் பெயர் என்ன? மூன்றாவதை முதலில் கேட்டால் இன்னும் நல்லது.

நான் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். முதல் வரியில் ‘பெரியண்ணன், சி ரூசா, 1943’ என்று எழுதியிருக்கிறேன். பெயருக்கான இடம் காலியாக இருக்கிறது. சி ரூசாப் பக்கத்துத் தோட்டங்களில் அந்தக் காலத்தில் இருந்த யாராவது உங்கள் வீட்டில் இருந்தால், எனக்காக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.